பால்குடத்தின் எடை

"அண்ணே, நான் தலையில வச்சுத் தூக்கிட்டு நடக்கப் போறேன். கனமா இருக்கிறது எனக்கு எதுக்குண்ணே?"

2024 தைப்பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை, பினாங்கு லிட்டில் இந்தியாவில் மாமாவின் பாத்திரக்கடையில் ஓர் அக்கா கேட்ட கேள்வி இது. மாமா பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. அவர் கோபமாகக் கேட்கவில்லை, எகத்தாளமாகவும் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் இத்தனை நாளாகியும் அது என்னை விடவில்லை. இணையத்தில் மலிவாகக் கிடைப்பதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

எனக்கு வேலை பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாசில். தீபாவளி மாதத்திலும் தைப்பூச வாரத்திலும் மாமா கடையில் போய் நிற்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம். தைப்பூசம் நெருங்கினால் கடையின் முகமே மாறிவிடும். இட்லிக் கொப்பரை, புட்டுக்குழாய், இடியாப்ப உரல் எல்லாம் பின்னால் போய்விடும். வாசலில் பால்குடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக என் கழுத்தளவுக்கு ஏறி நிற்கும். முருகனின் வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடு இருக்கிற பினாங்கு ஸ்ட்ரீட் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ரதம் கிளம்பும் அன்று காலையில்கூட அவசரமாகக் குடம் கேட்டு ஆள் வரும். அந்த ஒரு வார வியாபாரம் சரியாக அமையாவிட்டால் மார்ச், ஏப்ரல் வாடகையை மாமா சேமிப்பிலிருந்துதான் எடுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

அந்த அக்கா மூன்று குடங்களை மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தார். மாமா ஒன்றை வாங்கிக் கவிழ்த்து, விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினார். "பாருங்கம்மா, விளிம்பை உள்பக்கமா சுருட்டி மடிச்சிருக்கான். கையை அறுக்காது. கழுத்துல ஒட்டு எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க, கண்டுபிடிக்க முடியாது." பிறகு நகத்தால் சுண்டினார். ணங்கென்று கிளம்பிய ஓசை கொஞ்ச நேரம் நின்றது. கடைசியாகத் தராசில் வைத்தார். 560 கிராம். விலை 38 வெள்ளி (ரிங்கிட்).

அக்கா சற்றுத் தயங்கிவிட்டுக் கைப்பேசியை நீட்டினார். பார்வைக்கு அதே மாதிரிக் குடம்தான். 24 வெள்ளி 90 காசு, வவுச்சர் போட்டால் 19 வெள்ளி 90 காசு, வீட்டுக்கு வந்து சேர காசு கிடையாது.

"அது எத்தனை கிராம்னு போட்டிருக்கான்னு பாருங்க தங்கச்சி" என்றார் மாமா.

அவர் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினார். உயரம் இருந்தது, வாய் அகலம் இருந்தது, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதும் இருந்தது. எடை மட்டும் இல்லை. மாமா முகம் தெளிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் விற்றவருக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. பாலே ஒன்றரைக் கிலோ இருக்கும், வெறுங்காலில் தார்ச்சாலையில் நடக்கணும், அப்புறம் தண்ணீர்மலை முருகன் கோயில் படி முழுக்க ஏறணும், மகனுக்காக வேண்டிக்கொண்டது, இதுதான் முதல் வருஷம் என்று சொல்லிக்கொண்டே போனார். சும்மா திரும்ப மனசில்லாமல் ஆறு வெள்ளிக்கு ஒரு கற்பூரத் தட்டு மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் சொன்னது சரிதான்

அன்று இரவே அந்தக் குடத்தை நானும் வரவழைக்கச் சொல்லிப் பணம் கட்டினேன். மாமாவிடம் சொல்லவில்லை. அவர் பக்கத்து நியாயத்தை நிரூபிக்க வேண்டும் என்ற வேகம் எனக்கு. செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன்: 290 கிராம், ஏறக்குறைய பாதி. அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய் வெளியே வந்தது. விளிம்பை மடிக்கவே இல்லை, தகட்டை வெட்டியபடியே விட்டிருந்தார்கள். விரலை ஓட்டினேன், சுரீரென்றது. ஆனால் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைத்தால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுநாள் அதைத் தலையில் வைத்து மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கினேன். அப்புறம் மாமா கடைக் குடத்தில் அதே அளவு தண்ணீர் ஊற்றி ஏறி இறங்கினேன். 270 கிராம் என்பது கையில் ஒன்றுமில்லை. தலையில், தூக்கிப் பிடித்த கையோடு சேர்ந்து, அது ஒரு கனம்தான்.

பாத்திரத்தை எடை போட்டு விற்பது நம்மிடம் வழிவழியாக வந்த வழக்கம். தமிழ்நாட்டில் பித்தளையும் செம்பும் கிலோ கணக்கில்தான் விலை. பழைய பாத்திரத்தைக் கொடுத்தால் அதற்கும் எடை போட்டுக் கழித்துக்கொள்வார்கள். உலோகத்துக்கு ஒரு விலை, செய்கூலிக்கு ஒரு விலை. வாங்குகிறவர் கண்ணெதிரிலேயே கணக்கு முடிந்துவிடும். அந்தக் கணக்கில் கனம் என்றால் தரம், கனம் என்றால் நாணயம். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த அண்டாவும் குத்துவிளக்கும் அவள் பேத்தி காலம்வரை இருக்க வேண்டும் என்று நினைத்த வீடுகளுக்கு அது சரியான கணக்கு. மாமா அந்தக் கணக்கில் வளர்ந்தவர். வருஷத்தில் ஒரு நாள் தூக்கிவிட்டு மீதி நாளெல்லாம் அலமாரியில் வைக்கப் போகிற குடத்துக்கு அந்தக் கணக்கு எதற்கு என்று அந்த அக்கா கேட்டதில் தப்பே இல்லை. அவரவர் தேவைக்கு எது போதுமோ அதை வாங்குவதும் ஒரு நாணயம்தான். இதை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

கொள்முதலே அவ்வளவு

"அந்த விலைக்குக் கொடுங்களேன்" என்று கைப்பேசியைக் காட்டுகிறவர்கள் நினைப்பது, கடைக்காரர் கொஞ்சம் மனசு வைத்தால் முடியும் என்று. 38 வெள்ளிக்கு விற்கிற குடத்துக்கு மாமா சப்ளையரிடம் கொடுத்த காசு 27 வெள்ளி. இணையத்தில் 24.90. அதாவது மாமா வாங்குகிற விலையைவிட அவர்கள் விற்கிற விலை குறைவு. 38-இல் 27 போக மீதி 11 வெள்ளியில்தான் மாமாவுக்கு வாடகை, மின்சாரம், கடைப்பையன் சம்பளம், விற்காமல் அடுத்த வருஷம்வரை தூங்கும் சரக்கு எல்லாம் அடங்கவேண்டும்.

ஏன் இப்படி என்று நான் துருவியிருக்கிறேன். ஒரு பகுதி நியாயமான மிச்சம்தான். பட்டறை, ஏற்றுமதியாளர், இங்கே இறக்குமதி செய்கிறவர், பினாங்கு சப்ளையர், அப்புறம் மாமா என்று அஞ்சு கை மாறி வருகிற சரக்கு, இணையத்தில் இரண்டே கையில் முடிந்துவிடுகிறது. நடுவில் இருக்கிறவர்கள் லாபம் குறைந்தால் வாங்குகிறவருக்கு நல்லது, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. இன்னொரு பகுதி அப்படி அல்ல. இணையக் கடைத்தளங்களில் லசாடா 2012-இல் மலேசியாவுக்கு வந்தது, ஷோப்பி 2015-இல். ஷோப்பியின் தாய் நிறுவனமான சீ (Sea), ஓர் ஆண்டு முழுமைக்கும் லாபம் காட்டியது முதன்முதலாக 2023-இல்தான். அத்தனை வருஷமும் இலவச அஞ்சலும் வவுச்சரும் பெருமளவு முதலீட்டாளர் பணத்தில் ஓடின. மாமா ஒரே ஒரு வருஷம் நட்டத்துக்கு விற்றால் கடைக் கதவை மூடவேண்டியதுதான். பின்னால் நின்று பணம் போட யாரும் இல்லை. இரண்டு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடு என்றால் எப்படி? வரியிலும் அப்படித்தான் இருந்தது. 500 வெள்ளிக்கு மேல் போகாத சாமான் வெளிநாட்டிலிருந்து விமானக் கூரியரில் வந்தால் விற்பனை வரி கிடையாது. கொள்கலனில் கொண்டுவந்து இறக்குகிறவர் வரி கட்டிவிட்டுத்தான் துறைமுகத்தைத் தாண்ட முடியும். 2024 ஜனவரி 1-இலிருந்துதான் அப்படி வரும் மலிவுச் சாமானுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி வந்தது. வந்தது நல்லது. ஆனால் அதற்குள் மக்கள் மனசில் ஒரு விலை பதிந்துவிட்டது. அதைவிடக் கூடுதலாகச் சொல்கிற கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்ற எண்ணமும் சேர்ந்தே பதிந்துவிட்டது.

வாடகையைப் பற்றி, லிட்டில் இந்தியா இருக்கிற ஜார்ஜ் டவுன்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. பழைய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் ரத்தாகி, 2000 பிறந்ததும் பழைய கடைவீடுகளின் வாடகை ஒரேயடியாக ஏறியது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்த பிறகு தெருவுக்குத் தெரு தங்கும் விடுதியும் காப்பிக் கடையுமாக ஆனது. மாமா கடைக்கு இரண்டு கதவு தள்ளி இருந்த மாவு மில் இப்போது அறை வாடகைக்கு விடும் இடம். தாத்தா காலத்து வாடகையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

நடுராத்திரி நாலு கைப்பேசி

2024 நவம்பர் 10-ஆம் தேதி இரவு பதினொன்றே முக்காலுக்கு மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம்: மாமா, அத்தை, அவர்கள் மகன், நான். ஆளுக்கொரு கைப்பேசி. பன்னிரண்டு அடித்ததும் 11.11 விற்பனை, அதாவது நவம்பர் 11 இணையத் தள்ளுபடி, திறக்கும். மாமா கடையில் நன்றாகப் போகும் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று, சப்ளையர் விலை 128 வெள்ளி. அன்றிரவு இணையத்தில் 109. ஒரு கணக்குக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டார்கள். அதற்காகத்தான் நாலு பேர்.

அத்தை முன்கூட்டியே எல்லாவற்றையும் கூடையில் போட்டு வைத்திருந்தார். மாமாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இப்ப அமுக்கட்டுமா? இப்ப அமுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டுக் குக்கர் கிடைத்தன. மறுநாள் சப்ளையருக்கு அவர் போன் போடவில்லை. முப்பது வருஷமாகச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்து, 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடை மூடிக் கிடந்த மாதங்களில் ஒரு தடவைகூடப் பாக்கி கேட்காத மனிதர் அவர். அவரிடம் வாங்கவேண்டியதை இப்படி வாங்கிவிட்டோமே என்று மாமா இரண்டு நாள் கடையில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. குக்கர்களை 135-க்கு விற்றார். அதில் ஒருவர் கைப்பேசியைக் காட்டி, "11.11-ல இது 109 தானேண்ணே" என்றார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த ராத்திரிதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. மாமாவும் அந்த அக்காவும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. கையில் இருக்கிற காசு போதாமல் மலிவு எங்கே என்று தேடுகிற வரிசையில் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். அதனால் "இணையத்தில் வாங்காதீர்கள், நம்மவர் கடையை ஆதரியுங்கள்" என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிற ஒருவரிடம், இன்னொருவர் பிழைப்புக்காக 18 வெள்ளி கூடக் கொடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

ஆனால் ஒன்றை மட்டும் சொல்வேன், அதில் எனக்குச் சமாதானமே கிடையாது. கடைக்கு வந்து, அரை மணி நேரம் விளக்கம் கேட்டு, எந்தக் குக்கருக்கு எந்தக் கேஸ்கெட், எந்தக் கிரைண்டர் கல் சீக்கிரம் தேயாது என்றெல்லாம் தெரிந்துகொண்டு, மாதிரி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று இணையத்தில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வசதி இல்லாதவர்கள் அல்ல. வெளியே நிற்கிற காரைப் பார்த்தாலே தெரியும். மாமாவுக்குத் தெரிந்தது எல்லாம் நாற்பது வருஷத்தில் கைவிரலில் ஏறியது. அதை இலவசமாக எடுத்துக்கொண்டு காசை மட்டும் வேறிடத்தில் கொடுப்பதை நான் தப்பு என்றுதான் சொல்வேன். அந்த அக்கா ஒரு கற்பூரத் தட்டு வாங்கிப் போனார். அவருக்கு இருந்த இங்கிதம் இவர்களுக்கு இல்லை.

பால் வாசம்

நாமே இணையத்தில் கடை போட்டால் என்ன என்று 2025 தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு பெரிய தளத்தில் மாமா பெயரில் திறந்தேன். படம் எடுத்தேன், எடையைக் கொட்டை எழுத்தில் போட்டேன், விலை 33 வெள்ளி 90 காசு வைத்தேன். 43 குடம் போயின. கமிஷன், பணப் பரிமாற்றக் கட்டணம், இலவச அஞ்சல் திட்டத்தில் சேர்ந்ததற்குப் பிடித்தது, அட்டைப்பெட்டி, குமிழ் உறை எல்லாம் கழித்தால் ஒரு குடத்துக்கு ஒரு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் நின்றது. ராத்திரி ராத்திரியாகப் பெட்டி ஒட்டியதற்குக் கூலி அதில் சேராது.

பிப்ரவரி 11 தைப்பூசம். அந்த வாரக் கடைசியில் நாலு குடங்கள் திரும்பி வந்தன. மூன்றில் எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நாலாவதைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதே வாசம் அடித்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், கழுவியிருக்கிறார்கள். ஆனால் கழுத்தின் உள்வளைவில் விரல் போகாத இடத்தில் பால் காய்ந்து மஞ்சளாகப் படிந்திருந்தது. வெளியே கழுத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டியிருந்த தடம்கூட லேசாகத் தெரிந்தது. திருப்பி அனுப்பக் காரணம்: "படத்தில் இருப்பது போல் இல்லை." நான் படம் எடுத்துப் புகார் போட்டேன். தளம் வாங்கியவர் பக்கம் முடிவு சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் குடத்தை வாங்கி, வெந்நீரும் சோடா உப்பும் போட்டு ஊறவைத்து, துணியைக் குச்சியில் சுற்றிக் கழுத்து வளைவைத் தேய்த்தார். சாயங்காலம் பார்த்தால் புதுக் குடம் போல மின்னியது. "இதை விற்றுவிடலாம் மாமா, யாருக்கும் தெரியாது" என்றேன். "சாமிக்குப் போன குடத்தைப் புதுசுன்னு சொல்லி விக்கக் கூடாதும்மா" என்றார். 27 வெள்ளி அங்கேயே போனது. அந்தக் குடத்தில்தான் இப்போது அத்தை சாமி அறையில் தண்ணீர் வைக்கிறார். அடுத்த மாதமே அந்த இணையக் கடையை மூடிவிட்டேன்.

இந்த வருஷத் தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாமாவே சப்ளையருக்குப் போன் போட்டு லேசான குடம் இருக்கிறதா என்று கேட்டார். நான் சொல்லித்தரவில்லை. 310 கிராம் குடம் இரண்டு டஜன் வந்தது. விலை 23 வெள்ளி என்று வைத்தார். விலைச்சீட்டில் விலைக்குக் கீழே எடையையும் எழுதச் சொன்னார். கனத்த குடத்துக்கும் அப்படியே. வருகிறவர்களிடம், "தூக்கிட்டுப் போக மட்டும்னா இது போதும்மா. வீட்டுல புழங்கணும்னா அதைப் பாருங்க" என்று இரண்டையும் காட்டினார். அந்த அக்கா வருவார் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

ரதம் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கடை சாத்துகிற நேரத்தில் உள்ளே போனேன். மாமா தரையில் செய்தித்தாளை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லேசான குடங்கள் பதினொன்று மிச்சம். ஒவ்வொன்றாக மடியில் கவிழ்த்து, மடிக்காமல் விட்ட விளிம்பை உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.